கூட்டம் இருக்கிற கடையை ஏன் மூடுகிறார்கள்? (சிகாகோ தெற்குப் பகுதி மளிகைக் கடைகள்)

செல்வி_சிகாகோ:

எல்லாருக்கும் வணக்கம். சிகாகோவின் தெற்குப் பகுதியில் ஒரு கிளினிக்கில் உணவு ஆலோசகராக வேலை பார்க்கிறேன். வருகிறவர்களில் நிறைய பேருக்குச் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு. கீரை சேர்த்துக்கொள்ளுங்கள், டப்பா உணவைக் குறையுங்கள் என்று தாள் அச்சடித்துக் கொடுப்போம். "சரிம்மா, எங்கே போய் வாங்குவது?" என்று கேட்டால் எனக்கு வாய் அடைத்துப் போகிறது.

2022இல் ஆபர்ன் கிரஷாம் வட்டாரத்தில் ஆல்டி மளிகைக் கடை போனது. அதே வருடம் நவம்பரில் எங்கில்வுட் ஹோல் ஃபுட்ஸ். 2023 ஏப்ரலில் வால்மார்ட் இந்த ஊரில் இருந்த 8 கடைகளில் 4-ஐ ஒரே மூச்சில் மூடியது. செவ்வாய்க்கிழமை அறிவிப்பு, ஞாயிற்றுக்கிழமைக்குள் ஷட்டர் இறங்கிவிட்டது. மருந்துப் பிரிவுக்கு மட்டும் 30 நாள் வரை அவகாசம் கொடுத்தார்கள்.

நிறுவனம் சொன்ன காரணம்தான் எனக்குப் பிடிபடவில்லை. 2006இல் முதல் கடை திறந்ததிலிருந்து சிகாகோ கடைகளை மொத்தமாகப் பார்த்தால் லாபமே வந்ததில்லையாம். வருடத்துக்குக் கோடிக்கணக்கான டாலர் நட்டம், கடைசி 5 வருடத்தில் அது ஏறத்தாழ இரட்டிப்பு. ஆனால் மூடிய நாலில் ஒன்றான சாத்தம் வட்டாரக் கடையில் சனிக்கிழமை கல்லாவில் நின்றவர்களுக்குத் தெரியும், வரிசை எவ்வளவு நீளம் என்று. இப்போது அந்தப் பக்கத்துப் பாட்டி ஒருவர் 79ஆம் தெரு பஸ்ஸில் போய் வாங்கி வருகிறார். பால் கேலனைக் காலுக்கு இடையில் இடுக்கிக்கொண்டு, முட்டை அட்டையை மடியில் பிடித்துக்கொண்டு. அதற்கு மேல் அவரால் தூக்க முடியாது. அதனால் தக்காளி, முட்டைக்கோஸ் எல்லாம் பட்டியலிலிருந்து வெட்டு.

கூட்டம் இருந்தும் நட்டம் எப்படி? கணக்கு தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கணக்குப்பிள்ளை:

செல்வி, வரிசையை வைத்து லாபத்தைச் சொல்ல முடியாது. நான் ஒரு பெரிய மளிகைச் சங்கிலியில் (பெயர் வேண்டாம்) கடைவாரியாக வரவு செலவு பார்க்கும் வேலையில் சில வருடம் இருந்தேன்.

100 டாலருக்கு விற்றால் 70-க்கும் மேல் சரக்குக்கே போய்விடும். மீதியில் பெரிய பங்கு சம்பளம். அப்புறம் வாடகை, இரவு பகலாக ஓடும் குளிர்பெட்டிகளுக்கு மின்சாரம், கார்டு கமிஷன், அழுகல், காணாமல் போவது. எல்லாம் போக, அமெரிக்க மளிகைத் துறையில் 2023இல் சராசரியாகக் கையில் நின்றது 1.6 சதவீதம். ஊரே வீட்டில் சமைத்துச் சாப்பிட்ட 2020இல்கூட 3 சதவீதம்தான். ஆக ஒரு கடை நிற்பதும் விழுவதும் அந்த இரண்டு டாலருக்குள்தான்.

கீரையையே எடுத்துக்கொள்ளுங்கள். லெட்யூஸ் 24 கொண்டை அடங்கிய பெட்டியாகத்தான் வரும். பாதிப் பெட்டி கேட்டால் கிடங்கு தராது. ஓட்டமுள்ள கடையில் அன்று மாலையே காலி. மெதுவாகப் போகிற கடையில் மூன்றாம் நாள் பாதியைக் குப்பையில் கொட்டணும். வாரத்தாளில் (வாராந்திரக் கணக்கு அறிக்கை) அழுகல் சிவப்பில் வந்ததும் மேலிடத்திலிருந்து போன் வரும். மேனேஜர் என்ன செய்வார்? அடுத்த வாரம் குறைத்து வாங்குவார். தட்டு பாதி காலி. கார் இருக்கிறவர் அதைப் பார்த்துவிட்டு 4 மைல் தள்ளி நல்ல கடைக்குப் போய்விடுவார். அவரோடு அவருடைய மாத பட்ஜெட்டும் போச்சு. மிஞ்சுவது கார் இல்லாதவர்கள், சின்னச் சின்ன பில்லாக வாங்குகிறவர்கள். உங்கள் வரிசை நீளமாகத் தெரிந்ததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்: ஆள் அதிகம், பில் சிறிது, கல்லாவில் ஆள் போட்டதோ குறைவு.

அடுத்தது எதை விற்கிறோம் என்பது. பால், முட்டை, சர்க்கரையில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. காசு இருப்பது சமைத்து வைத்த கோழியில், கேக்கில், ஷாம்பூவில், பூங்கொத்தில். ஸ்நாப் அட்டையில் (உணவு மானியம், தெரியாதவர்களுக்கு) சூடான சாப்பாடு வாங்க முடியாது. சோப்பு, டயப்பர் வாங்க முடியாது. மானியப் பணத்தில் முக்கால் பங்குக்கு மேல் மாதப் பாதிக்குள் செலவாகிவிடும். கடைசி பத்து நாள் கடை வெறிச்சோடிக் கிடக்கும். அதற்காக மின்கட்டணத்தையோ சம்பளத்தையோ பாதி மாதத்துக்குக் கட்ட முடியுமா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இதை வெளியே சொல்ல மாட்டார்கள். நான் பார்த்த மூடல்கள் எல்லாமே நட்டத்தால் வந்தவை அல்ல. குத்தகை முடியும்போதோ, குளிர்பெட்டி மொத்தத்தையும் மாற்ற வேண்டிய வருடத்திலோதான் கடையின் பெயர் பட்டியலில் ஏறும். கேள்வி "லாபம் இருக்கா" என்பது இல்லை. "இதே பணத்தைப் புறநகரில் போட்டால் எவ்வளவு வரும்" என்பதுதான். இங்கே 1 சதவீதம், அங்கே 3 சதவீதம் என்றால் முடிந்தது கதை.

---

டல்லாஸ்_மூர்த்தி:

நல்ல விளக்கம். ஆனால் திருட்டு என்ற சொல்லை "காணாமல் போவது" என்று பூசி மெழுகியது எதற்கு? ஆபர்ன் கிரஷாம் ஆல்டி சொன்னதே அடிக்கடி கடையை உடைத்தார்கள், விற்பனையும் சரிந்தது என்றுதான். டார்கெட் 2023 செப்டம்பரில் நியூயார்க், சியாட்டில், போர்ட்லாண்ட், சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம் 9 கடைகளை மூடுவதாக அறிவித்தபோது நேராகவே திருட்டு என்றது. வாஷிங்டனில் அனகோஸ்டியா ஆற்றுக்குக் கிழக்கே, 8ஆம் வார்டில் இருந்த ஒரே பெரிய மளிகைக் கடையில் 2023இல் டைட் (சலவை சோப்பு), அட்வில் (வலி மாத்திரை) மாதிரிப் பெரிய பிராண்டுகளைத் தட்டிலிருந்தே எடுத்துவிட்டார்கள். வெளியே போகும்போது ரசீதைக் காட்டச் சொன்னார்கள். ஊழியர் பயந்து பயந்து வேலை செய்கிற இடத்தில் யார் கடை நடத்துவார்? பத்துப் பேர் செய்கிற வேலைக்கு மொத்தத் தெருவும் தண்டனை அனுபவிக்கிறது. அந்தப் பத்துப் பேரை விட்டுவிட்டுக் கடைக்காரனைத் திட்டுவது எந்த ஊர் நியாயம்?

---

அருள்_பாஸ்டன்:

மூர்த்தி சார், திருட்டு இல்லை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் நிறுவனங்கள் சொல்லும் அளவைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் எடுத்துக்கொள்ளணும். கடைகளில் திருட்டு பெருகிவிட்டது என்று ஊரைக் கூட்டிய வால்க்ரீன்ஸ் மருந்துக் கடைச் சங்கிலி, 2023 ஜனவரியில் அதன் நிதித் தலைவர் வாயாலேயே "போன வருடம் கொஞ்சம் அதிகமாகவே அழுதுவிட்டோமோ" என்கிற மாதிரி சொன்னது. சரக்கு இழப்பு 3.5 சதவீதத்திலிருந்து 2.5 வாக்கில் இறங்கியிருந்தது. தேசிய சில்லறை வணிகர் சங்கமோ, சரக்கு இழப்பில் ஏறக்குறைய பாதி திருட்டுக் கும்பல்களால் என்று எழுதிவிட்டு, 2023 டிசம்பரில் அந்த வரியைத் திரும்பப் பெற்றது.

அதோடு, வால்மார்ட் சிகாகோவில் மூடிய நாலில் ஒன்று லேக்வியூவில். அது நல்ல வசதியான வட்டாரம். அங்கேயும் ஓடவில்லை. அதை என்ன கணக்கில் சேர்ப்பது?

---

கணக்குப்பிள்ளை:

இரண்டு பேரும் பாதிப் பாதி சரி. லாபம் 1.6 சதவீதம் என்றால், 10 டாலர் அசல் சரக்கு போனதை ஈடுகட்ட 600 டாலருக்கு மேல் விற்கணும். அதனால் சின்னத் திருட்டும் பெரிதாகவே வலிக்கும். ஆனால் "காணாமல் போவது" என்ற வரியில் திருட்டு, அழுகல், தப்பாக ஸ்கேன் ஆனது, ஊழியர் எடுத்தது, லாரியிலேயே குறைந்து வந்தது எல்லாம் ஒரே பானைக்குள் கிடக்கும். பிரித்துக் காட்டு என்றால் யாராலும் துல்லியமாகக் காட்ட முடியாது. அது நிர்வாகத்துக்கும் வசதிதான்.

---

ரவி_ஜார்ஜியா:

பெரிய கடைக் கதையையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். சின்னக் கடைக்காரன் நிலைமையைச் சொல்கிறேன். பெட்ரோல் பங்கோடு சேர்ந்த கடை என்னுடையது. சுற்றிலும் கூலி வேலைக்குப் போகிற ஜனங்கள். பால், ரொட்டி, முட்டை, வாழைப்பழம் வைத்திருக்கிறேன். ஆப்பிள் வைத்துப் பார்த்து விட்டுவிட்டேன்.

எனக்கு மொத்த வியாபாரி கொடுக்கிற விலையை விட, பெரிய கடைத் தட்டில் இருக்கும் சில்லறை விலை பல சாமான்களில் குறைவு! சிரிக்காதீர்கள், நிஜம். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே வேனை எடுத்துக்கொண்டு மொத்த விலைக் கிளப்புக்கு (உறுப்பினர் அட்டை வைத்து வாங்கும் பெரிய கடை) போய், மற்ற குடும்பங்கள் மாதிரியே வண்டி தள்ளி, தானிய டப்பா, சமையல் எண்ணெய் வாங்கி வந்து என் கடையில் அடுக்குகிறேன். அதன் மேல் நான் என் பங்கை வைத்தால் விலை எங்கே போகும்? "ஏழைகளிடம் கொள்ளையடிக்கிறான்" என்று என்னைத்தான் சொல்வார்கள். பீர், சிகரெட், லாட்டரி இல்லையென்றால் கடையை எப்போதோ இழுத்து மூடியிருப்பேன்.

---

அருள்_பாஸ்டன்:

ரவி அண்ணே, நீங்கள் சொன்னதுதான் இந்த விஷயத்தின் வேர் என்று நினைக்கிறேன். 1936இல் இதற்கென்றே ராபின்சன்-பாட்மன் என்று ஒரு சட்டம் போட்டார்கள். ஏ அண்ட் பி என்ற சங்கிலி அப்போது சப்ளையர்களை மிரட்டித் தனக்கு மட்டும் தனி விலை வாங்கிக்கொண்டிருந்தது. ஒரே சரக்கை ஒரே மாதிரிக் கடைக்காரர்களுக்கு விலை வித்தியாசம் காட்டி விற்று, போட்டியைக் கெடுக்கக்கூடாது என்பது சட்டத்தின் சாரம். 1980களில் அதை அமல்படுத்துவதையே ஏறக்குறைய விட்டுவிட்டார்கள். 2025 ஜனவரியில் பெப்சி மேல் ஒரு வழக்குப் போட்டார்கள், ஆட்சி மாறியதும் மே மாதம் வாபஸ்.

சின்னக் கடை சாகிறது, பெரிய கடை மட்டும் மிஞ்சுகிறது, அப்புறம் பெரிய கடையும் கணக்குப் பார்த்துவிட்டுக் கிளம்புகிறது. அதன் பிறகு அந்தத் தெருவில் என்ன இருக்கும்?

---

கணக்குப்பிள்ளை:

ஒரு மறுப்பு. சட்டத்தை நாளைக்கே அமல்படுத்தினாலும் ரவியின் வாங்கும் விலை கொஞ்சம்தான் இறங்கும். லாரி முழுக்க இறக்குகிறவனுக்கும் பத்துப் பெட்டி இறக்குகிறவனுக்கும் செலவே வேறு. அந்தச் செலவு வித்தியாசத்தைச் சட்டமும் ஒத்துக்கொள்கிறது.

---

நெல்லை_சங்கர்:

சென்னையிலிருந்து எழுதுகிறேன். படிக்கப் படிக்க ஆச்சரியமாக இருக்கிறது. உலகத்துக்கே சோறு போடுகிற நாட்டில் முட்டைக்கோஸ் வாங்க பஸ் ஏறணுமா? இங்கே எங்கள் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில் காலை 7 மணிக்கு மூன்று தள்ளுவண்டி வந்துவிடும். தெரு முனையில் அண்ணாச்சி கடை, 10 ரூபாய்க்குப் பருப்பு கேட்டாலும் பொட்டலம் கட்டிக் கொடுப்பார், கையில் காசு இல்லையென்றால் நோட்டில் எழுதிக்கொள்வார். அதற்கு மேல் ரேஷன் கடை. தமிழ்நாடு முழுக்க 30,000-க்கும் மேல் இருக்கிறது, லாபம் இல்லை என்று ஒன்றையாவது மூட முடியுமா? மூடினால் அன்றைக்கே மறியல்தான். அரசாங்கமே கடை நடத்தினால் என்ன சார் உங்களுக்கு?

---

டல்லாஸ்_மூர்த்தி:

சங்கர், அதையும் செய்து பார்த்துவிட்டார்கள். மிசூரி மாநிலக் கன்சாஸ் சிட்டியில் 31ஆம் தெருவும் ப்ராஸ்பெக்ட் அவென்யூவும் சேரும் இடத்தில் மாநகராட்சிக்குச் சொந்தமான வளாகத்தில் சன் ஃப்ரெஷ் என்று கடை. 2018இல் கோலாகலமாகத் திறந்தார்கள். கடைசிக் காலத்தில் தட்டெல்லாம் காலி, உள்ளே துர்நாற்றம் என்று செய்தியில் காட்டினார்கள். 2025 ஆகஸ்டில் மூடியாச்சு. வரிப்பணம் கோடிக்கணக்கில் போச்சு. ஃப்ளோரிடாவில் பால்ட்வின் என்ற சின்ன ஊரில் டவுன் நிர்வாகமே 2019இல் கடை போட்டது, 2024இல் அதுவும் மூடல்.

---

செல்வி_சிகாகோ:

கன்சாஸ் சிட்டி கதையில் ஒரு திருத்தம் மூர்த்தி சார். இடம்தான் மாநகராட்சியுடையது. கடையை நடத்தியது முதலில் ஒரு தனியார், பிறகு ஒரு லாப நோக்கற்ற அமைப்பு. பேருந்து நிறுத்தத்தைச் சுற்றிய பயம், போலீஸ் வராதது என்று கடைக்கு வெளியே இருந்த பிரச்சினைகளும் சேர்ந்துதான் அதை முடித்தன. பக்கத்துக் கன்சாஸ் மாநிலத்தில் செயின்ட் பால் என்று சில நூறு பேர் வாழும் ஊர் இருக்கிறது. அங்கே ஊர் நிர்வாகம் எடுத்து நடத்துகிற கடை வருடக்கணக்காக ஓடியிருக்கிறது.

சங்கர் சார், ரேஷன் கடையோடு ஒப்பிடுவது எனக்கும் தோன்றியதுதான். ஆனால் ரேஷனில் அரிசி, பருப்பு, பாமாயில், சர்க்கரை. அது கெடாத சரக்கு, எண்ணி நாலைந்து. என் பிரச்சினை கெடுகிற சரக்கு. அதை உங்கள் ஊரில் சுமப்பது தள்ளுவண்டிக்காரர். அவருக்கு வாடகை இல்லை, குளிர்பெட்டி இல்லை, மாலையில் மிஞ்சியதைப் பாதி விலைக்குத் தள்ளிவிடுவார், அவர் உழைப்புக்குக் கூலியே கணக்கில் வராது. சிகாகோ ஜனவரியில் தள்ளுவண்டியா?

---

நெல்லை_சங்கர்:

அதுவும் சரிதான். குளிரை நான் யோசிக்கவில்லை :)

---

பேராசிரியர்_அல்ல:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். 2019இல் வெளியான ஒரு பெரிய பொருளாதார ஆய்வு நினைவுக்கு வருகிறது. 2004 முதல் 2016 வரை அமெரிக்காவில் புதிதாகத் திறந்த சூப்பர் மார்க்கெட்டுகளின் பக்கத்தில் வாழ்ந்தவர்கள் என்ன வாங்கினார்கள் என்று பார்த்தார்கள். கடையை மாற்றினார்கள், கூடையை மாற்றவில்லை. பணக்காரர் ஏழை இடையே உணவுத் தரத்தில் இருக்கிற வித்தியாசத்தில் 10 சதவீதம் வாக்கில்தான் கடை, விலை சம்பந்தப்பட்டது. மீதி 90 சதவீதம், யார் எதை விரும்பி வாங்குகிறார்கள் என்பது. ஆகவே கடையைத் திறந்துவிட்டால் சர்க்கரை இறங்கும் என்று நம்ப வேண்டாம்.

---

செல்வி_சிகாகோ:

ஆய்வை நானும் படித்திருக்கிறேன். சராசரிக்கு அது சரி. ஏற்கெனவே பெரும்பாலானவர்கள் எப்படியாவது தூரத்துச் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள் என்பதும் அதிலேயே இருக்கிறது. அந்த "எப்படியாவது" யாருடைய முதுகில் விழுகிறது என்பதை அது அளக்கவில்லை. என் பாட்டிக்கு முட்டைக்கோஸ் மேல் வெறுப்பு ஒன்றும் இல்லை. தூக்க முடியவில்லை, அவ்வளவுதான். கடை வந்தால் அவர் சர்க்கரை இறங்குமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. பஸ்ஸில் போக முடியாத நாளில் ஊபருக்குக் கொடுக்கிற 15 டாலர் மிஞ்சும்.

---

ஸ்காபரோ_வதனி:

நான் ஒன்று கேட்கட்டுமா? இங்கே டொரண்டோவில் ஸ்காபரோவும் வசதி குறைந்த பகுதிகள் நிறைந்த இடம்தான். ஆனால் எங்கட தமிழ்க் கடைகள் வரிசையாக நிற்குது, மரக்கறி மலிவு, மீன் புதுசு. சிகாகோவில் வால்மார்ட் மூடிய நாலில் இன்னொன்று லிட்டில் வில்லேஜில்; அங்கே வால்மார்ட் போனாலும், 26ஆம் தெரு முழுக்க மெக்சிகோக்காரரின் கடைகள் ஓடிக்கொண்டுதானே இருக்குது? அப்படியென்றால் ஏழ்மைதான் காரணம் என்று எப்படிச் சொல்வது?

---

கணக்குப்பிள்ளை:

இந்த இழையிலேயே நல்ல கேள்வி இதுதான். எனக்குத் தெரிந்த பதில் இரண்டு.

ஒன்று, உங்கள் கடையும் மெக்சிகோ கடையும் நடக்கிற முறையே வேறு. குடும்பமே கல்லாவில் நிற்கும். பார்க்க அழகாக இல்லாத மாங்காயை மார்க்கெட்டில் விடியற்காலையில் பேரம் பேசி எடுப்பார்கள். தலைமையக உத்தரவு இல்லை, வாரத்தாள் இல்லை. 1 சதவீதம் மிஞ்சினால் போதும் என்று இருப்பார்கள், ஏனென்றால் சம்பளமும் அவர்களுக்கே.

இரண்டாவது, ஜன நெருக்கம். எங்கில்வுட்டைப் பாருங்கள். 1960இல் 97,000-க்கும் மேல் ஜனம். 63ஆம் தெரு, ஹால்ஸ்டெட் சந்திப்பு ஒரு காலத்தில் சிகாகோ நடுநகருக்கு அடுத்த பெரிய கடைவீதி. 2020இல் அங்கே இருந்தவர்கள் 24,000 சொச்சம். முக்கால் பங்கு ஜனம் காலி. வங்கிகள் கறுப்பின வட்டாரங்களைச் சிவப்புக் கோடு போட்டு ஒதுக்கி, வீட்டுக் கடனும் தொழில் கடனும் மறுத்த வரலாறு அதற்குப் பின்னால் இருக்கிறது. ஸ்காபரோவில் ஒரு தமிழருக்குச் சீட்டுப் பணமோ சொந்தக்காரர் கைமாற்றோ கிடைக்கும். எங்கில்வுட்டில் அந்தச் சேமிப்பையே சேர்க்க விடவில்லை. அப்புறம் அதே 63ஆம் தெரு சந்திப்பில் 2016இல் மாநகராட்சி ஒரு கோடி டாலருக்கு மேல் வளாகத்துக்குக் கொட்டி ஹோல் ஃபுட்ஸைக் கொண்டுவந்தது. ஆறே வருடம்.

இன்னொன்று: சாத்தம் சேரிப் பகுதி இல்லை. கறுப்பின ஆசிரியர், தபால்காரர், நர்ஸ் என்று நடுத்தர வர்க்கம் வீடு கட்டி வாழ்ந்த இடம். அங்கிருந்தும் போனார்கள் என்பதைக் கவனிக்கணும்.

---

ரவி_ஜார்ஜியா:

நான் எரிச்சலாகும் இடம் வேறு. போகிறவன் சும்மா போவதில்லை. இடத்தை விற்கும்போது பத்திரத்தில் "இன்னும் இத்தனை வருடத்துக்கு இங்கே வேறு மளிகைக் கடை வரக்கூடாது" என்று எழுதி வாங்கிக்கொள்கிற வழக்கம் இந்த நாட்டில் இருக்கிறது. இல்லையென்றால் காலிக் கடைக்கே வாடகை கட்டிக்கொண்டு பூட்டி வைப்பான், பக்கத்தில் இருக்கிற அவனுடைய இன்னொரு கடைக்குப் போட்டி வரக்கூடாது என்று. லாபம் இல்லை என்று போ, சரி. அடுத்தவன் முயற்சி செய்வதை ஏன் தடுக்கிறாய்?

---

செல்வி_சிகாகோ:

சிகாகோவில் இதை அனுபவத்தில் பார்த்ததால்தான் 2005இல் மாநகராட்சி இந்த மாதிரிப் பத்திர நிபந்தனைகளுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. ஆனாலும் இடம் சும்மா கிடக்கிறது. டொமினிக்ஸ் சங்கிலி 2013 முடிவில் சிகாகோவை விட்டே போனது. சவுத் ஷோரில் அது விட்டுப்போன கட்டடத்தில் அடுத்த கடை வர 2019 டிசம்பர் ஆனது. ஆறு வருடம்! அதற்குள் ஜனங்களின் பழக்கமே மாறிவிடாதா?

இல்லினாய் மாநிலம் 2023இல் 2 கோடி டாலர் ஒதுக்கி மளிகைக் கடைகளுக்கு உதவித் திட்டம் கொண்டுவந்திருக்கிறது. எங்கள் வட்டாரத்தில் இரண்டு பேர் கூட்டுறவுக் கடை போடலாமா என்று பேசுகிறார்கள். இதையெல்லாம் படித்த பிறகு அவர்களிடம் என்ன சொல்வது?

---

கணக்குப்பிள்ளை:

மானியம் கடை திறக்கத்தான் உதவும், நடத்த உதவாது. அதனால் முதல் கேள்வி: மூன்றாம் வருட நட்டத்தை யார் தாங்குவது? அதற்குப் பதில் இல்லாமல் ரிப்பன் வெட்ட வேண்டாம். கடையைச் சின்னதாகப் போடச் சொல்லுங்கள். வால்மார்ட் கட்டடத்தைப் பார்த்து ஆசைப்படக் கூடாது, அந்தக் குளிர்பெட்டி மின்கட்டணமே விழுங்கிவிடும். கீரையைப் பெட்டியாக வாங்காமல் இரண்டு மூன்று கடைகள், ஒரு பள்ளிச் சமையல்கூடம் சேர்ந்து பங்கு போட முடியுமா என்று பாருங்கள். அப்புறம் மாதக் கடைசிப் பத்து நாளைக்குக் கையிருப்பு வைக்கணும்.

---

ரவி_ஜார்ஜியா:

அதோடு சப்ளையரிடம் கையெழுத்துப் போடுவதற்கு முன் குறைந்தபட்ச ஆர்டர் எவ்வளவு என்று கேட்டு எழுதி வாங்கச் சொல்லுங்கள் தங்கச்சி. எனக்கு வாராவாரம் வலிப்பது அதுதான். வேணும்னா என்னுடைய பழைய பில்களை அனுப்புகிறேன், எந்தச் சாமானில் எவ்வளவு நிற்கும் என்று அவர்களே பார்த்துக்கொள்ளட்டும்.

---

செல்வி_சிகாகோ:

அனுப்புங்கள் அண்ணே, தனிச்செய்தியில் மின்னஞ்சல் தருகிறேன். அடுத்த வாரம் வார்டு கூட்டம் இருக்கிறது. காலியாகக் கிடக்கிற இடத்தின் பத்திரத்தில் என்ன நிபந்தனை இருக்கிறது என்பதை முதலில் கேட்கப்போகிறேன்.

---

டல்லாஸ்_மூர்த்தி:

போகும்போது அந்தத் தெருவில் இரவு ரோந்து எத்தனை முறை வருகிறது என்பதையும் கேளுங்கள். நான் சொன்னதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை, பரவாயில்லை.